ஏற்கெனவே கப்பலேறியவள்

“நான் சாகலைங்க ஐயா. ஊருக்குப் போயிட்டேனாம்.”

பன்னிரண்டு வருஷத் துப்பறியும் தொழிலில் சதாசிவம் இப்படி ஒரு புகாரைக் கேட்டதில்லை. பெண்டாட்டி ஓடிப்போனாள் என்று கணவன்மார் வந்திருக்கிறார்கள். பங்காளி ஓடிப்போனான் என்று கடைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். தானே ஓடிப்போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒருத்தி மாடிப்படி ஏறி வந்து நிற்பது இதுவே முதல் தடவை.

ரப்பர் விலை படுத்த படுக்கையாகிவிட்ட 1932ஆம் வருஷம், ஏப்ரல் மாதம். தோட்டங்கள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தன. கழித்த ஆட்களை இலவசமாக இந்தியாவுக்குக் கப்பலேற்ற ஜோகூர்பாருவில் ‘ஊர் திரும்புவோர் பதிவு ஆபீஸ்’ என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். ஆளைக் கூட்டிவர ஒரு கங்காணியின் வாய் போதுமாயிருந்தது. திருப்பி அனுப்ப ஏழு காகிதம் வேண்டியிருந்தது.

“உன் பேரு?”

“வெள்ளையம்மா. கூலாய்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டு. தோட்டத்துல பேரை வெட்டிட்டாங்க. நாலு மணிக்கு லாரி சிங்கப்பூர் போகுது, ராவுல கப்பல். எம் புள்ளைக்குச் சீட்டுக் குடுத்துட்டாங்க. அவங்களுக்கும் குடுத்துட்டாங்க. எனக்கு மட்டும், நீ பிப்ரவரியிலயே போயிட்டேன்னு சொல்றாங்க.”

“அவங்கன்னா?”

வெள்ளையம்மா பதில் சொல்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தோட்டத்துத் துரை கையெழுத்திட்ட விடுவிப்புச் சீட்டை நீட்டினாள். அதில் கணவன் பெயர் அய்யாவு என்றிருந்தது.

ஜன்னலோரம் சுருட்டோடு சாய்ந்திருந்த உதவியாளன் ரோலண்ட் எழுந்தான். சதாசிவத்தை அவன் ‘தவுக்கே’ என்றுதான் கூப்பிடுவான். சீன முதலாளிகளுக்கு வழங்கும் அந்தப் பட்டத்தைச் சம்பளம் தாமதமாகிற மாதங்களில் கூடுதல் அழுத்தத்தோடு சொல்வான்.

“அலமாக்! தவுக்கே, இந்தம்மா இந்தியாவிலேர்ந்து வந்து படியேறியிருக்கு. ஒரு கோப்பியாவது வாங்கிக் குடுங்க லா.”

“மணி என்னடா?”

“பன்னெண்டரை.”

“லாரியை விட்டா அடுத்தது எப்போம்மா?”

“அடுத்தது எனக்கு இல்லைங்களே. போனவளுக்கு எப்படிங்க சீட்டுக் குடுப்பாங்க?” அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. “புள்ளைக்கு ஏழு வயசுங்க. லாரியில ஏத்திட்டாங்க. பேரு பதிஞ்சவங்க வேலியைத் தாண்டக் கூடாதாம், அதனால அவங்களும் வர முடியல. நான்தான் போயிட்டவளாச்சே, என்னை யாரும் தடுக்கல.”

சதாசிவம் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

*

தங்காக்கில் துணிக்கடை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர் சதாசிவம். எழுத்துப் படிக்கும் முன்பே முழம் போடப் படித்தவர். மல்லுத்துணியைப் பட்டு என்று விற்பவனின் முகத்தையும், பட்டை மல்லு என்று இறக்குபவனின் முகத்தையும் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பார்த்து வளர்ந்தவருக்கு, பதிவு ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சபாபதியின் முகம் ஒன்றும் புதிய சரக்கல்ல.

சபாபதி கழுத்து வரை பொத்தான் மாட்டிய வெள்ளைக் கோட்டில், மேசைக்குப் பின்னால் ஒரு சிறிய மாவட்டத்தையே ஆண்டுகொண்டிருந்தார். எதிரே பெண்களின் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நீண்டிருந்தது.

“வரிசையில வாங்க.”

“நாங்க போறவங்க இல்லீங்க, இருக்கிறவங்க,” என்றான் ரோலண்ட்.

“இருக்கிறவங்களுக்கு இந்த ஆபீஸ்ல வேலையில்ல. பெஞ்சில உக்காருங்க. கை ஒழிஞ்சா கூப்பிடறேன்.”

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுவரில் ஒரு பெரிய கடிகாரம் அரசாங்க மிடுக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. மணி ஒன்று.

முதல் பெண் மேசைக்கு வந்தாள். பெயர் சொன்னாள், தோட்டம் சொன்னாள், வயசைக் குத்துமதிப்பாகச் சொன்னாள்.

“புருஷன் பேரு?”

அவள் தரையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். “வடக்கு லயத்துல கடைசி வீட்டுக்காரருங்க.”

“பேரு கேட்டேன்.”

“கோயில்ல வேலோட நிக்கிறாரே, அவருக்கு அண்ணன் பேருங்க.”

பின்னால் நின்றவள் உதவிக்கு வாய் திறந்தாள். சபாபதி அளவுகோலால் மேசையைத் தட்டினார். “யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது! அவளே வாய்விட்டுச் சொல்லணும். விதி!”

ஆள்மாறாட்டத்தைத் தடுக்க மேலிடத்தில் ஏதோ ஒரு மூளை போட்ட விதி அது. ஒரு பெண்ணுக்குத் தன் புருஷன் பெயர் நிச்சயம் தெரிந்திருக்கும். ஆகவே அதைக் கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். புருஷன் பெயர் தெரிவது வேறு, அதை வாயால் சொல்வது வேறு என்று அந்த மூளைக்கு எடுத்துச் சொல்ல மேலிடத்தில் ஒரு தமிழ்ப் பெண்டாட்டி இல்லை.

இரண்டாமவள் சுவருக்குத் திரும்பி நின்று சுவரிடம் சொன்னாள். சபாபதிக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னதும் அழுதாள். தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாமவள் சண்டைக்காரி.

“பேரைச் சொல்லி அவரு ஆயுசு கொறைஞ்சா யாரு பொறுப்பு? நீங்க எழுதிக் குடுப்பீங்களா? கையெழுத்துப் போட்டுக் குடுங்க, சொல்றேன்.”

“இவங்களை மாசம் முப்பது வெள்ளிக்கு வேலைக்கு வெச்சா இந்த ஆபீஸ் உருப்படும்,” என்று ரோலண்ட் முணுமுணுத்தான்.

கடைசியில் அவளும் கண்ணை மூடிக்கொண்டு, மருந்தைத் துப்புவதுபோல் பெயரைத் துப்பினாள். மணி ஒன்றே முக்கால். சபாபதி நெற்றியைத் துடைத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்தார்.

“வெள்ளையம்மா கேஸா? அது முடிஞ்ச கேஸ்.” பதிவேட்டைத் திறந்து, ஒரு பக்கத்தின் மேலும் கீழும் ஒற்றுத்தாளை வைத்து மறைத்து, நடுவில் ஒரே ஒரு வரியை மட்டும் காட்டினார். “மத்த வரி ரகசியம். இருபத்தேழாம் நம்பர். வெள்ளையம்மா, புருஷன் அய்யாவு. பிப்ரவரி 29. கப்பலேறியாச்சு. கைநாட்டு இருக்கு.”

கைநாட்டு இருந்த இடத்தில் ஒரு கரிய அப்பளம் இருந்தது.

“இதுல ரேகையே இல்லையே?”

“பால் வெட்டறவங்க கையில ரேகை ஏது சார்? மருந்து தின்னுடும். சந்தேகம்னா கோலாலம்பூருக்கு அனுப்பலாம். பதில் வர ஆறு மாசம்.”

வெள்ளையம்மா கதவோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதாசிவம் குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டார். “உங்க ஞாபக சக்தியைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். இந்த இருபத்தேழாம் நம்பர் வந்து நின்னது ஞாபகம் இருக்கா?”

புகழ்ச்சி சபாபதியின் கழுத்துப் பொத்தானைத் தாண்டி உள்ளே இறங்கியது. “ஏன் இல்ல? வாட்டசாட்டமான பொம்பளை. சிவப்புச் சேலை.”

“புருஷன் பேரைச் சொல்லிச்சா? இல்ல, இவங்களை மாதிரி இழுத்தடிச்சுதா?”

“இழுக்கவே இல்ல! கேட்ட மறு நிமிஷம் ‘அய்யாவு’ன்னு மணி அடிச்ச மாதிரி சொல்லிச்சு. எல்லாரும் அப்படி இருந்தா என் தலைமுடி நரைச்சிருக்காது.”

“நன்றி,” என்றார் சதாசிவம்.

*

வாசலுக்கு வந்ததும் ரோலண்ட் குதித்தான். “தவுக்கே, புடிச்சாச்சு! மணி அடிச்ச மாதிரி சொன்னாளாமே, அவ அய்யாவுக்குப் பெண்டாட்டியே இல்ல. எங்க இன்பராணி அத்தை மாதா கோயில்ல ஞானஸ்நானம் வாங்கி இருபது வருஷமாச்சு, இன்னும் மாமாவை ‘இந்தாங்க’ன்னுதான் கூப்பிடறா. பேர் சொல்லிக் கூப்பிடறது யாரு? ஆத்தா. இல்லேன்னா அக்கா.”

“வெள்ளையம்மா, உன் மாமியார்?”

“செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சுங்க.”

“உன் வீட்டுக்காரருக்கு அக்கா உண்டா?”

“இருக்காங்க. ராசம்மா. எங்களை வழியனுப்ப வந்திருக்காங்க. அதோ.”

ஆபீஸ் வேலிக்கு வெளியே, வெற்றிலையால் கன்னம் புடைத்த ஒரு விதவைப் பெண்மணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே லாரியில் உட்கார்ந்திருந்த தம்பியை அதட்டிக்கொண்டிருந்தாள். “டேய் அய்யாவு! புள்ளைக்கு வெயில் அடிக்குது, துண்டைப் போடுடா. அய்யாவு! காதுல விழுதா?”

“மணி அடிக்குது தவுக்கே,” என்றான் ரோலண்ட். “உடம்பும் வாட்டசாட்டம்.”

சதாசிவம் நேராகப் போய்க் கேட்டார். “ராசம்மா, பிப்ரவரியில தம்பி பெண்டாட்டி பேர்ல சீட்டு வாங்கினியா? வாங்கி யாருக்காவது வித்தியா?”

ராசம்மா வெற்றிலைச் சாற்றை அவர் பூட்ஸுக்கு அரை அடி தள்ளித் துப்பினாள். அது குறி தவறியதல்ல, மரியாதை.

“ஏன்யா, எனக்கே சீட்டு இல்லேன்னுட்டானுங்க, நான் இவ பேர்ல வாங்கி வித்தேனா? போன மாசம் வந்து கேட்டேன். ‘நீ மாசியிலயே கப்பல் ஏறிட்டே கெழவி, போ’ன்னான் உள்ள இருக்கிற வெள்ளைக் கோட்டு. பகல்லயே குடிச்சிருக்கான்னு நெனைச்சுத் திரும்பிட்டேன்.”

ரோலண்டின் சுருட்டு வாயிலிருந்து நழுவியது. “போச்சு. குத்தவாளியும் ஊருக்குப் போயிட்டா.”

சதாசிவம் வேலிக் கம்பியில் விரலால் முழம் போட ஆரம்பித்தார். கணக்குப் போடும்போது அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. விரல் நின்றது.

“ரோலண்ட், ஒரு வரியை மட்டும் காட்டி மத்ததை மூடுறவன், எதை மூடுறான்?”

“ரகசியத்தைன்னு சொன்னான்.”

“துணிக்கடையில ஒரு முழத்தை மட்டும் விரிச்சுக் காட்டினா, மீதிச் சுருள்ல ஓட்டைன்னு அர்த்தம். எனக்கு முழுச் சுருளையும் பாக்கணும். உனக்கு ஜலதோஷம் புடிச்சு எத்தனை நாளாச்சு?”

“இன்னைக்கு வரைக்கும் புடிக்கல தவுக்கே. இப்ப லேசா மூக்கு அரிக்குது.”

*

மறுபடி பெஞ்சில் காத்திருந்து முறை வரும்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பதிவேட்டை இன்னொரு தரம் பார்க்க வேண்டுமென்று கேட்டதும் சபாபதி சலித்துக்கொண்டே அதே பக்கத்தைத் திறந்து ஒற்றுத்தாள்களை வைத்தார். ரோலண்ட் குனிந்து பார்த்தான், பிறகு தும்மினான். அது சாதாரணத் தும்மல் அல்ல. ஒற்றுத்தாள்கள் இரண்டும் பறந்தன, ஒன்று மைக்கூட்டிலும் மற்றது வரிசையில் நின்ற ஒருத்தியின் தலையிலும் போய் இறங்கின.

“மன்னிச்சுக்குங்க, கித்தாத் தோட்டத்து ரப்பர்க் காத்து ஒத்துக்கல.”

சதாசிவத்துக்கு நான்கு விஷயம் பார்க்க அவ்வளவு நேரம் போதும். இருபத்தெட்டாம் வரியில் ராசம்மா. பக்கத்தின் அடியில் நாற்பத்து மூன்றாம் வரி. நெற்றியில் சபாபதியின் அழகான கையெழுத்தில்: ‘தொடக்கம் 3.15. முடிவு 4.00.’ எதிர்ப் பக்கத்தில் ஆண்களின் பதிவு 3.10க்கு முடிந்திருந்தது.

“உங்க மேலதிகாரியைப் பாக்கணும்.”

“முடியாது.”

“அப்ப இங்கயே சத்தமாச் சொல்லிடறேன். வரிசையில எல்லாரும் கேக்கட்டும்.”

சபாபதி எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

மேலதிகாரி ராஜசேகரன் சென்னையிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன மனிதர். மேசையில் காகிதம் எதுவும் இல்லை. வேலை செய்யாதவர்களின் மேசையும் மிகத் திறமையாக வேலை செய்பவர்களின் மேசையும் அப்படித்தான் இருக்கும்.

“சார், வெளியில நான் பெஞ்சில உக்காந்திருந்தப்ப மூணு பொம்பளைங்களைப் பதிஞ்சாரு உங்க கிராணி. எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? முக்கால் மணி.”

“புருஷன் பெயர்ப் பிரச்சினை. தெரியும். மேலிடத்து விதி.”

“பிப்ரவரி 29 சாயந்தரமும் அதே முக்கால் மணி. அன்னைக்கு எத்தனை பேரு தெரியுமா? நாப்பத்து மூணு.”

ராஜசேகரன் பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

“ஒரு புருஷனுக்கு ஒரு நிமிஷம் லா,” என்றான் ரோலண்ட். “அதுக்குள்ள பேரு, ஊரு, வயசு, அழுகை, தண்ணி, கைநாட்டு. அப்படி வெட்கம் கெட்ட நாப்பத்து மூணு பேரு ஒரே நாள்ல ஜோகூர்ல கெடைக்க மாட்டாங்க.”

“வெள்ளையம்மா பேர்ல யாரோ போயிட்டாங்கன்னு மத்தியானத்திலேர்ந்து தேடறேன்,” என்றார் சதாசிவம். “யாரும் போகல. அன்னைக்கு மூணேகாலுக்கு மேல இந்த மேசைக்கு ஒரு பொம்பளையும் வரவே இல்ல. உங்க கிராணி தோட்டத்துப் பட்டியலைப் பாத்து எழுதியிருக்காரு. மை ஒத்தினது அவரோட சொந்தக் கட்டைவிரல். நான் கேட்டதும் சிவப்புச் சேலையும் கட்டி விட்டாரு.”

சபாபதி தம் வலது கட்டைவிரலைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

ராஜசேகரன் கதவைச் சாத்தச் சொன்னார். குரல் தணிந்தது. “மாசக் கடைசி. மேலிடத்துக்கு இருநூறு பேர் போனதாகத் தந்தி தர வேண்டும். நூற்றைம்பத்தேழுதான் இருந்தது. இந்தப் பெண்கள் எப்படியும் போகப் போகிறவர்கள்தானே? கொஞ்சம் முன்கூட்டி எழுதினோம். அவ்வளவுதான்.”

“எழுதினது சரி. அனுப்ப மறந்துட்டீங்க.”

“இப்போது என்ன செய்ய முடியும்? தந்தி போய்விட்டது. போன எண்ணிக்கையைத் திரும்ப வாங்க ஒரு விதியும் இல்லை.”

மணி மூன்று முப்பத்தைந்து. முற்றத்தில் லாரியின் இயந்திரத்தை ஒருமுறை உறும விட்டுப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே நின்ற வெள்ளையம்மா கையைப் பிசைந்தாள்.

சதாசிவம் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார். நாள் பூராவும் நேரம் இருப்பவர்போல் கால் மேல் கால் போட்டார். “நாப்பத்து மூணு பேரையும் திருத்துங்க.”

“சாத்தியமே இல்லை.”

“சரி. முப்பது.”

“ஒன்றுகூட முடியாது!”

“அப்ப நாளைக்கு நாப்பத்து மூணு பேரும் இங்க வருவாங்க. ஆளுக்குக் கால் மணி நேரம் உங்க கிராணிகிட்ட புருஷன் பேரைச் சொல்லாம நிப்பாங்க. பத்திரிகைக்காரரைக் கூட்டி வர்றது என் செலவு. பாவம், இருபது பேராவது திருத்துங்க.”

“பாருங்கள், என் வேலை போய்விடும்.”

“பத்து. இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது.”

“தயவுசெய்து. ஒன்று. அந்த ஒருத்தி. வெளியே நிற்கிறாளே, அவள் மட்டும்.”

சதாசிவம் பெருமூச்சு விட்டார். அடி மாட்டு விலைக்குப் போய்விட்டதே என்று அங்கலாய்க்கும் வியாபாரியின் பெருமூச்சு அது. தங்காக்கில் அவர் அப்பா அதைக் கண்ணாடி முன் நின்று பழகியவர். “சரி, ஒண்ணு. ஆனா நகலோட. காரணத்தையும் எழுதிடுங்க. துறைமுகத்துல கேப்பாங்க.”

ராஜசேகரன் அவசரமாக எழுதினார். ‘பிப்ரவரி 29 அன்று நேரில் வராதவரின் பெயர், அன்றைய பக்கத்தில் தவறுதலாக ஏறியுள்ளது. வெள்ளையம்மா இன்று பயணப்படலாம்.’ கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி. இரண்டிலும் கையெழுத்து, இரண்டிலும் முத்திரை. சபாபதி பயணச் சீட்டை எழுதினார். புருஷன் பெயர்க் கட்டத்தை யாரையும் கேட்காமலே நிரப்பிவிட்டார்.

*

வெள்ளையம்மா முற்றத்தில் ஓடினாள். ஆபீஸ் வாசற்படியில் ரோலண்ட் சதாசிவத்தின் பின்னால் அலுத்துக்கொண்டே இறங்கினான்.

“நாப்பத்து மூணு கேட்டு ஒண்ணு வாங்கியிருக்கீங்க. உங்க அப்பா இருந்தா கடையை விட்டே தொரத்தியிருப்பாரு. மீதி நாப்பத்து ரெண்டு பேரு?”

“நான் கேக்க வந்ததே ஒண்ணுதான்டா. அதை முதல்லயே கேட்டிருந்தா ‘நாளைக்கு வா’ன்னிருப்பான்.”

வேலியோரம் நின்ற ராசம்மாவின் கையில் கார்பன் பிரதியை வைத்தார். “இதைப் பத்திரமா வெச்சுக்க. அந்தப் பக்கத்துல வராதவங்க பேரு ஏறியிருக்குன்னு அதிகாரியே எழுதி முத்திரை குத்தியிருக்கான். அதே பக்கத்துல உன் பேரும் இருக்கு. மத்த நாப்பத்தோரு பேரையும் கூட்டிக்கிட்டு வா. இதைக் காட்டு. ஒருத்திக்குச் செஞ்சதை உனக்கு ஏன் செய்ய மாட்டேன்னு கேளு. அவனால இல்லேன்னு சொல்ல முடியாது.”

ராசம்மா காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். முத்திரையை மட்டும் கட்டைவிரலால் தடவினாள். “எழுத்துத் தெரியாதுய்யா. ஆனா அந்த வெள்ளைக் கோட்டு மூஞ்சி தெரியும். அது போதும்.”

“தவுக்கே,” என்றான் ரோலண்ட் மெதுவாக, “உங்ககிட்ட ஒரு வேட்டி வாங்கினாக்கூட வக்கீல் வெச்சுத்தான் வாங்கணும்.”

மணி நாலு அடித்தது. லாரியின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டப் போன ஆள், சீட்டை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தவளைப் பார்த்து நிறுத்தினான். பலகை உயரமாக இருந்தது. அய்யாவு குனிந்து ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெண்டாட்டியை இழுத்துத் தூக்கினான். பன்னிரண்டரை மணியிலிருந்து அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் அவன் வாயில் கோபமாக வெடித்தது.

“இவ்வளவு நேரம் எங்கடி போயிட்டே?”

வெள்ளையம்மா மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“ஊருக்கு,” என்றாள். “ஒங்களை விட்டுட்டுப் போயிட்டேனாம். கூட்டிட்டுப் போகத் திரும்பி வந்தேன்.”